மொறிஸ் மைனர் வாங்கப் போகிறீர்களா, முதலில் காருக்கு அடியில் படுங்கள்

பழைய மொறிஸ் மைனர் கார் பார்க்கப் போகிறவர்கள் அநேகமாக எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பொனெற்றைப் பிறகு திறக்கலாம், முதலில் ஒரு ரோர்ச் லைற்றோடு காருக்கு அடியில் படுங்கள். இந்தக் காருக்குச் சேசி என்று தனியாக ஒரு அடிச்சட்டம் இல்லை, பாரத்தைத் தாங்குவதே அந்தத் தகட்டு உடம்புதான். கதவுக்குக் கீழே ஓடும் பகுதி, பின் ஸ்பிரிங் கொழுவும் இடம், முன் இருக்கைக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டம், இந்த மூன்றையும் ஸ்குறூட்றைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்ல தகடு. மந்தமாகக் கேட்டாலோ புதுக் கறுப்புப் பூச்சுத் தடிப்பாக இருந்தாலோ, உள்ளே கறள் தின்றிருக்கும் என்று வைத்துக்கொண்டு விலையைக் குறையுங்கள், அல்லது விட்டுவிட்டு வாருங்கள். எஞ்சினை யாரும் திருத்தித் தருவார்கள், உக்கின தகட்டை வெட்டி ஒட்டத்தான் காசு கரையும்.

எந்த வருடக் கார்? 1948 இல் வந்த முதல் மைனருக்கு 918 சிசி எஞ்சின், 1952 இலிருந்து 803, 1956 இல் 948, 1962 இல் 1098. முன் கண்ணாடி இரண்டாகப் பிரிந்த, 1956 க்கு முந்தியது பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் தினமும் ஓட என்றால் 1098 தான் வாங்கச் சொல்வேன், அதன் முன்சில்லுப் பிறேக்கும் பெரிது. பொனெற்றின் நடுவே மேடாக ஒரு பட்டி ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் கடைசி நேரத்தில் கார் ஒடுக்கமாக இருக்கிறதென்று மாதிரி வண்டியை நடுவால் அறுத்து 4 அங்குலம் அகலமாக்கினார், அதன் அடையாளம்தான் அது. எனக்கு இந்தக் காரில் மிகப் பிடித்த இடமும் அதுதான்.

வாங்கியதும் முதல் வேலை கிறீஸ். முன் சில்லைத் தாங்கும் ட்ரனியன் மூட்டு புரியில் திரும்புகிறது, கிறீஸ் காய்ந்தால் புரி தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும், சில்லு மடங்கி கார் குந்திவிடும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய 1600 கிலோமீற்றர், ஜக் வைத்துச் சில்லைத் தொங்கவிட்டு, பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது.

பிறேக் ஒயில் விடும் இடம் சாரதியின் காலடியில், கம்பளத்துக்குக் கீழே இருக்கிறது, கண்ணில் படாததால் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் எஸ்.யூ காபரேட்டரின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே ஒயில் இருக்கிறதா பாருங்கள், அது வற்றினால் அக்சிலேற்றரை மிதித்ததும் கார் ஒரு கணம் திணறும். 803 முதல் வந்த எஞ்சின்களுக்கு வால்வ் இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம்.

யாழ்ப்பாணத்துக் கார் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். யுத்தகாலத்தில் பெற்றோல் தடை இருந்தபோது எங்கள் பழைய ஒஸ்ரின் கார்களும் மைனர்களும் காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளியையும் மணப்பெண்ணையும் ஏற்றிப் போன அந்தக் கார்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்க வைத்துவிடும், அப்படி ஓடிய எஞ்சினில் பிஸ்ரன் றிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சூடானபின் அக்சிலேற்றரை ஒருதரம் அழுத்திவிட்டுப் பாருங்கள், நீலப் புகை வந்தால் எஞ்சின் வேலைக்கும் காசு எடுத்து வையுங்கள்.

கடைசியில் சாவியைத் திருப்பி ஸ்ரார்ட் அடிக்காமல் காதைக் கொடுங்கள். மின்சாரத்தில் ஓடும் பெற்றோல் பம்ப் டக் டக் என்று அடித்து, மெல்லக் குறைந்து நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் ராங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. சத்தமே இல்லையா, பம்பை லேசாக ஒரு தட்டுத் தட்டுங்கள், பெரும்பாலும் ஓடத் தொடங்கும், ஆனால் பம்புக்குள் மின்சாரத்தைத் தொட்டு விடும் பொயின்ற் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.