டிரேடில் ஒருவர் வந்தால்: சண்டைக்கு முன் போட வேண்டிய கணக்கு

2025 நவம்பர் 15 அன்று ஐபிஎல் டிரேடில், அதாவது அணிகள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதில், ராஜஸ்தானின் விக்கெட் கீப்பர் சஞ்சு சாம்சன் சென்னைக்கு, சென்னையின் ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு என்று அறிவிப்பு வந்ததும், திருவல்லிக்கேணி டீக்கடையில் தொடங்கி வேளச்சேரி அடுக்ககத்து வாட்ஸ்அப் குழு வரை ஊர் இரண்டாகப் பிரிந்தது. "கடைசி ரெண்டு பந்துல பத்து ரன் அடிச்சு கப் வாங்கிக் குடுத்த ஜடேஜாவை எப்படிடா அனுப்புவாங்க?" என்று ஒரு கட்சி. "தோனிக்கு அப்புறம் கீப்பர் யாரு, நீயே சொல்லு" என்று இன்னொரு கட்சி. இரண்டு கேள்வியும் நியாயம்தான். ஆனால் முதல் கேள்விக்கு இரண்டாவது பதில் ஆகாது, இரண்டாவதற்கு முதலாவதும் ஆகாது. விடிய விடியப் பேசியும் ஒன்றும் தேறாததற்குக் காரணம் அதுவே.

வருகிறவர் நல்ல ஆட்டக்காரரா என்று விவாதிப்பதில் பயன் இல்லை. 18 கோடி கொடுத்து எடுக்கிறார்கள் என்றால் நல்ல ஆட்டக்காரர்தான். நம் அணிக்கு எந்த ஓவர்களில் ஓட்டை இருக்கிறது, அந்த ஓவர்களில், சேப்பாக்கத்தில், இவர் என்ன செய்வார்? இதை மட்டும் கேட்டால் பேச்சு உருப்படும். ஒரு நோட்டும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பந்துவாரி வர்ணனையும், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றும் இருந்தால் இதற்கு விடை கண்டுவிடலாம்.

முதலில் வரவு செலவு

தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது என்று எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதினால் போதாது. பணம், பந்து, பேட்டிங் இடம், வெளிநாட்டு இடம் ஆகிய நான்கையும் எழுத வேண்டும்.

பணத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். சாம்சன் 18 கோடிக்கே வந்தார். ஜடேஜாவின் தொகை ராஜஸ்தானில் 14 கோடியாகக் குறைக்கப்பட்டது, ஆனால் சென்னையின் கணக்கில் அவர் 18 கோடியாகத்தான் இருந்தார். கரன் 2.4 கோடி. ஆக சென்னையிலிருந்து போனது 20.4 கோடி, வந்தது 18 கோடி, கையில் மிஞ்சியது 2.4 கோடி. ஜடேஜாவுக்குக் குறைந்த 4 கோடி சென்னைக்கு லாபம் என்று யாராவது சொன்னால் அது தப்பு. அந்த லாபம் வாங்கியவர்களுக்கு. விளையாடுபவரின் சம்மதம் இல்லாமல் டிரேட் நடக்காது என்பதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். "துரத்திவிட்டார்கள்" என்ற வாதம் எழும்போது தேவைப்படும்.

அடுத்தது பந்து. இதைத்தான் யாருமே எண்ணுவதில்லை. ஜடேஜா தன் நான்கு ஓவரையும் முழுதாக வீசினால் ஓர் ஆட்டத்துக்கு 24 பந்து. லீக் சுற்றில் 14 ஆட்டம், மொத்தம் 336 பந்து. சாம்சன் ஒரு பந்தும் வீசப்போவதில்லை. ஆகவே "ஜடேஜாவுக்குப் பதில் சாம்சன்" என்று சொல்வதே பிழை. ஜடேஜா விட்டுச்சென்ற 336 பந்தை யார் வீசுவார், ஐந்தாம் ஆறாம் இடத்தில் யார் ஆடுவார், ஃபீல்டிங்கில் பாயின்ட்டில் யார் நிற்பார் என்று மூன்று தனித்தனி வரி வேண்டும். அந்த வரிகளுக்கு விடை டிரேடில் கிடைக்காது, ஏலத்தில் தேட வேண்டும். டிசம்பர் 16 அன்று அபுதாபி ஏலத்தில் இடதுகை சுழல் ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீருக்குச் சென்னை 14.20 கோடி கொடுத்ததும், இடதுகை சுழலர் அகீல் ஹொசைனை 2 கோடிக்கு எடுத்ததும் இந்த ஓட்டையை அடைக்கத்தான். இந்திய அணிக்கு ஆடாத ஒருவருக்கு இவ்வளவா என்று திகைத்தவர்கள் இந்தத் தாளைப் போட்டிருந்தால் திகைத்திருக்க மாட்டார்கள். டிரேடின் உண்மையான விலையில் ஏலத்தில் கொடுத்த அந்தப் பணத்தையும் சேர்க்க வேண்டும்.

ஸ்டிரைக் ரேட்டை உடைத்துப் பாருங்கள்

மொத்த ஸ்டிரைக் ரேட் (நூறு பந்துக்கு எத்தனை ரன்) ஏமாற்றும். 36 பந்தில் 54 ரன் என்றால் 150. கேட்க நன்றாக இருக்கிறது. முதல் 18 பந்தில் 18, அடுத்த 18 பந்தில் 36 என்று வந்திருந்தால்? அவர் ஓப்பனர் என்றால் பவர்பிளேயின், அதாவது முதல் ஆறு ஓவரின், 36 பந்தில் பாதியை நூறு வேகத்தில் தின்றிருக்கிறார். நான்காம் இடத்தில் இறங்கியவர் என்றால் அதே இன்னிங்ஸ் பரவாயில்லை.

ஆகவே மூன்றாகப் பிரியுங்கள்: 1 முதல் 6 ஓவர், 7 முதல் 15, 16 முதல் 20. ஒவ்வொன்றிலும் ஆடிய பந்து, எடுத்த ரன், டாட் பால் (ரன் வராத பந்து), ஆட்டமிழந்த தடவை. ஒரு சீசனை மட்டும் எடுத்தால் கணக்கு ஆடும். சாம்சனையே பாருங்கள்: 2024-ல் 531 ரன், ஸ்டிரைக் ரேட் 153-க்கு மேல், 2025-ல் காயத்தால் 9 ஆட்டம் மட்டும், 285 ரன், 140 சொச்சம். எதிர்ப்பவர் 2025-ஐக் காட்டுவார், ஆதரிப்பவர் 2024-ஐக் காட்டுவார். மூன்று சீசனைச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது 150 பந்தாவது இல்லாமல் முடிவுக்கு வராதீர்கள். நடு ஓவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டாட் பால் என்றால் சேப்பாக்கத்தில் அது உறுத்தும்.

அந்த எண்ணை அந்தந்த ஆட்டத்தோடும் ஒப்பிட வேண்டும். இரண்டு அணியும் சேர்ந்து 240 பந்தில் 400 ரன் எடுத்த ஆட்டத்தின் பொது வேகம் கிட்டத்தட்ட 167. அங்கே 150-இல் ஆடியவர் அணியைப் பின்னால் இழுத்திருக்கிறார். 240 பந்தில் 260 மட்டுமே வந்த ஆட்டத்தில் 130-இல் ஆடியவர் ஆட்டத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறார். சிறிய பவுண்டரி மைதானத்தில் வாங்கிய எண்ணை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்து ஏமாறுவது இதைச் செய்யாததால்தான்.

எந்த இடத்தில் இறங்கி அந்த ரன்களை எடுத்தார் என்பது அதைவிட முக்கியம். சாம்சன் ராஜஸ்தானில் பல சீசன் மூன்றாம் இடத்தில் ஆடினார், 2025-ல் ஓப்பனர். இந்திய அணியில் 2024-ல் ஓப்பனராக மூன்று டி20 சதம் அடித்தவரை 2025 ஆசியக் கோப்பையில் நடுவரிசைக்கு இறக்கினார்கள். இடத்துக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக வைக்காவிட்டால் மூன்று வெவ்வேறு வேலைகளைச் சேர்த்து ஒரு சராசரி எடுத்துவிடுவீர்கள். அந்தச் சராசரியில் ஆடுகிற சாம்சன் எங்குமே கிடையாது.

சேப்பாக்கம் வேறு கணக்கு

இங்கே கரிசல் மண் பிட்சும் உண்டு, செம்மண் பிட்சும் உண்டு. கரிசலில் பந்து நின்று வரும், பழையதானதும் சுழல் பிடிக்கும். செம்மண்ணில் பந்து எழும்பும், மட்டைக்கு நன்றாக வரும். இதில் எது என்று கேட்காமல் "சேப்பாக்கத்தில் இவர் ரெக்கார்டு" என்று ஒரே எண்ணைச் சொல்பவரை நம்பாதீர்கள். பனி இன்னொரு சங்கதி. பனி இறங்கினால் இரண்டாம் இன்னிங்ஸில் சுழல் பந்து கையிலேயே நிற்காது. இறங்காவிட்டால் துரத்துகிறவர் மாட்டிக்கொள்வார்.

2024 மே 24 அன்று இங்கே நடந்த, இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரண்டாவது குவாலிஃபயரைத் திரும்பப் பாருங்கள். டாஸ் வென்று பந்துவீச்சை எடுத்தது ராஜஸ்தான் கேப்டன் சாம்சன். ஐதராபாத் 175. துரத்தியபோது இடதுகை சுழலர்கள் ஷாபாஸ் அகமது மூன்று, அபிஷேக் சர்மா இரண்டு விக்கெட் எடுத்தார்கள். சாம்சன் 10 ரன்னில் அபிஷேக் பந்தில் அவுட். ராஜஸ்தான் 36 ரன்னில் தோற்றது. அதே இரவில், அதே பிட்சில், ராஜஸ்தானின் துருவ் ஜுரெல் 35 பந்தில் 56 எடுத்து நின்றார். இந்த ஒரு இன்னிங்ஸை வைத்து சாம்சனுக்குச் சுழல் வராது என்று தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனால் எந்த வகைப் பந்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கிறது: இடதுகை சுழல் தனி, லெக் ஸ்பின் தனி, ஆஃப் ஸ்பின் தனி. "ஸ்பின்னுக்கு எதிராக" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் ஒரு பலம் ஒரு பலவீனத்தை மூடி மறைத்துவிடும்.

இலங்கை லெக் ஸ்பின்னர் ஹசரங்கவின் பந்தில் சாம்சன் பலமுறை அவுட் ஆனதை எல்லோரும் சொல்வார்கள். பந்துகளின் எண்ணிக்கை குறைவு, அதை வைத்து அவருடைய திறமையை அளக்க முடியாது. ஆனாலும் எதிரணிக் கேப்டன்களுக்கும் அது தெரியும். அவர் வந்ததும் லெக் ஸ்பின்னரைக் கொண்டுவருவார்கள். எனவே அந்த வரியை அடிக்காமல் விடுங்கள்.

சொந்த மைதானம் என்றாலே பலம் என்ற நினைப்பையும் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. வலிக்கிற எண் இது: 2025-ல் சேப்பாக்கத்தில் சென்னை ஆடிய ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. கொல்கத்தாவோடு 20 ஓவரில் 103 ரன்; அவர்கள் 10.1 ஓவரில் முடித்துவிட்டார்கள். 2008-க்குப் பிறகு பெங்களூரு இங்கே வென்றதும் அந்த வருடம்தான். அப்போது ஓட்டை பவர்பிளேயிலும் நடு ஓவர்களிலும் இருந்தது. அதனால் மேலே ஆடுகிற ஒருவரைத் தேடியது சரியான தேடல்தான் என்பது எங்கள் முடிவு. கொடுத்த விலையைப் பற்றித்தான் வாதாட இடம் இருக்கிறது.

பன்னிரண்டு பெயரையும் எழுதுங்கள்

விவாதத்தில் பாதி வாதங்கள் இந்த இடத்தில் உடைந்துவிடும். முதலில் பேட்டிங் என்றால் யார் பதினொருவர், முதலில் பந்துவீச்சு என்றால் யார், ஆட்டத்தின் நடுவே ஒருவருக்குப் பதிலாக இறங்கும் பன்னிரண்டாவது ஆளான இம்பாக்ட் பிளேயராக யார் உள்ளே வந்து யார் வெளியே போவார் என்று இரண்டு பட்டியல் போடுங்கள். வெளிநாட்டவர் நான்கு பேருக்கு மேல் கூடாது. பந்துவீச்சில் 20 ஓவர் நிறைய வேண்டும், ஒருவருக்கு 4 ஓவர்தான். சுழலர்கள் நூர் அகமதுவும் ஹொசைனும் சேர்ந்து ஆடினால் மிச்சம் இரண்டு வெளிநாட்டு இடம். அதில் பேட்டர் பிரெவிஸ் ஒன்றை எடுத்தால் வேகப்பந்துக்கு ஒன்றுதான். வாயால் பேசும்போது எல்லோரும் பதினான்கு பேரை ஆடவைத்துவிடுகிறார்கள்.

சாம்சன் ஓப்பன் செய்தால் ருதுராஜோ ஆயுஷ் மாத்ரேயோ கீழே இறங்க வேண்டும். ருதுராஜ் 2024-ல் பெரும்பாலும் மேலே ஆடி 583 ரன் எடுத்தவர். மாத்ரே 2025-ல் ஏழே ஆட்டத்தில் 240 ரன், கிட்டத்தட்ட 189 வேகத்தில். வந்தவர் எவ்வளவு கூட்டுகிறார் என்பதிலிருந்து நகர்த்தப்பட்டவர் எவ்வளவு குறைகிறார் என்பதைக் கழித்தால்தான் நிகரம் தெரியும். யார் கீப்பிங் செய்வார் என்பதையும் பட்டியலில் குறியுங்கள். தோனி கீப்பிங் செய்கிற நாளில் சாம்சன் ஃபீல்டர்.

உடம்பு நிலைமைக்கும் ஒரு வரி. 2023 சீசனுக்கு பென் ஸ்டோக்ஸைச் சென்னை 16.25 கோடிக்கு எடுத்தது. ஆடியது இரண்டு ஆட்டம், எடுத்தது 15 ரன். கடந்த மூன்று சீசனில் 14-க்கு எத்தனை ஆட்டம் ஆடினார் என்று பார்த்து, அந்த விகிதத்தில் உங்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எங்கே தோற்கும்

ரஹானேவைச் சென்னை 50 லட்சத்துக்கு எடுத்தபோது அவருடைய பழைய ஸ்டிரைக் ரேட்டை வைத்துச் சிரித்தவர்கள் ஏராளம். 2023-ல் அவர் 172 வேகத்தில் 326 ரன் எடுத்தார். அவருக்குக் கொடுத்த வேலை மாறியது, ஆட்டமும் மாறியது. பழைய எண் பழைய வேலையின் எண். புது அணி என்ன வேலை கொடுக்கப்போகிறது என்று தெரியாதவரை, உங்கள் தாளில் இருப்பது பாதி விடைதான் என்று சொல்லியே பேசுங்கள். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலிருந்து ஆள் மாற்றாமல் பணம் மட்டும் கொடுத்து நடந்த டிரேடில் சென்னைக்கு வந்த உத்தப்பா லீக் சுற்றின் கடைசியில்தான் களம் இறங்கினார். குவாலிஃபயரில் 44 பந்தில் 63, இறுதி ஆட்டத்தில் 15 பந்தில் 31. அதற்கு முன்பே தீர்ப்பு சொன்னவர்கள் எல்லோரும் அவரை வீண் செலவு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"நம்ம ஊர்ப் பையனை விட்டுட்டு ஏன் வெளியிலேர்ந்து?" என்ற குரல் கட்டாயம் வரும். சாய் சுதர்சன் 2025-ல் குஜராத்துக்காக 759 ரன் எடுத்து அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சு கேப் வாங்கியதைப் பார்த்த எந்தச் சென்னைக்காரருக்கும் அந்த ஏக்கம் இருக்கும். அது ஏலத்தையும் திறமை தேடலையும் பற்றிய கேள்வி, பேசவேண்டிய கேள்வி. இந்த டிரேடின் தாளில் அதை நுழைக்காமல் தனியாகப் பேசுங்கள். இல்லாவிட்டால் இரண்டுமே கெடும். அதேபோல் ஜடேஜாவுக்காக மனம் உடைந்து பேசுகிறவரிடம் புள்ளிவிவரத்தை நீட்டாதீர்கள். அண்ணன் அழுதால் அழட்டும், கணக்கை மறுநாள் காலையில் எடுக்கலாம்.

சீசன் தொடங்குவதற்கு முன் நான்கு வரியை எழுதித் தேதி போட்டு, குழுவில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்: எந்த இடத்தில் ஆடுவார், பவர்பிளேயில் என்ன வேகம், சுழலில் எத்தனை பந்துக்கு ஒரு விக்கெட், எத்தனை ஆட்டம். ஏழாவது ஆட்டம் வரை அதைத் தொடாதீர்கள். ஏழு முடிந்ததும் எந்த வரி தப்பிப்போனது என்று பாருங்கள்; இடம் தப்பியிருந்தால் மற்ற மூன்று வரியையும் புதிதாகப் போட வேண்டும். தாளின் பின்பக்கத்தில் ஜடேஜா ராஜஸ்தானுக்கு வீசும் ஓவர், கொடுக்கும் ரன், எடுக்கும் விக்கெட், அதே ஏழு ஆட்டத்துக்கு.