பாத்தியில் தானாக முளைத்த கன்று எது?

ஐப்பசி மழை விழுந்ததும் மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்து மணல் பாத்திகளில் நாம் விதைக்காத செடிகள் தலைகாட்டும். முதலில், போட்ட எரு எது என்று யோசியுங்கள். ஆட்டெரு என்றால் பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். ஆடு நெற்றைத் தின்றாலும் விதை கெடாமல் புழுக்கையோடு வெளியே வந்து முளைத்துவிடும்.

புளியங்கன்றும் தொட்டாற்சிணுங்கியும் சிறிதாக இருக்கும்போது இதே சாயலில் இருப்பதுதான் குழப்பம். புளிக்கு விதையிலைகள் நல்ல தடிப்பாக, உடைத்த பருப்பு போலத் தண்டின் இரு பக்கமும் நிற்கும். இலைக்காம்பு கிளை பிரியாது. தொட்டாற்சிணுங்கி தொட்டதும் சுருங்கும். சீமைக்கருவேலக் கன்று கொஞ்சம் வளர்ந்ததும் காம்பு கிளை பிரிந்து, பொடி இலைகள் வரிசையாக இருக்கும். கணுவை விரலால் தடவுங்கள், இளம் முள் உறுத்தும்.

அதுதான் என்று தெரிந்தால் மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு இழுத்துவிடுங்கள். மேலாக வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். விட்டுவைத்தால் ஆணிவேர் ஆழமாகப் போய்விடும், அப்புறம் கடப்பாரைதான்.

கத்தரி நாற்று மாதிரி அகன்ற இலையோடு ஏதாவது வந்தால் ரொம்பக் கவனம், ஊமத்தையாக இருக்கலாம். கசக்கினால் கெட்ட வாடை வரும். செடி முழுக்க விஷம். நாக்கில் வைக்கவே கூடாது, தொட்ட கையைக் கழுவுங்கள். நீளமான புனல் பூவும் முள் உருண்டைக் காயும் வந்தால் சந்தேகமே வேண்டாம். குழந்தைகள் விளையாடும் வீடு என்றால் பூக்கும்வரை காத்திருக்காமல் பிடுங்கிவிடுங்கள்.