மலை ஏற ஏற மாறும் நீராவிப்போக்கு: நீலகிரியை வைத்து ஒரு கணக்கு

மண்ணிலிருந்து ஆவியாகும் நீரையும் பயிர் இலை வழியே வெளிவிடும் நீரையும் சேர்த்து நீராவிப்போக்கு என்கிறோம். சமவெளியில் கிடைத்த எண்ணில் குளிருக்காகக் கொஞ்சம் கழித்துவிட்டு, அதையே மலைக்கும் பயன்படுத்துவது பலருடைய வழக்கம். இது தவறான விடையைத் தரும். ஏனெனில் உயரம் வெப்பத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை, காற்றழுத்தத்தைக் குறைத்து, தெளிந்த வானத்தில் வெயிலைக் கூட்டவும் செய்கிறது.

நீலகிரி மலை ரயில் 326 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்தில் கிளம்பி 2,203 மீட்டருக்கு ஏறி உதகையை அடைகிறது. ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் வெப்பம் குறைவதாகக் கொண்டால், கீழே சராசரி 27 டிகிரி இருக்கும் நாளில் மேலே ஏறத்தாழ 15 டிகிரி இருக்கும். உதகையில் வானிலை நிலையத்தின் அளவீடு கிடைக்குமானால் இந்த ஊகம் வேண்டாம், அளவீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயில், வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றிலிருந்து நீராவிப்போக்கைக் கணக்கிட ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1998இல் வெளியிட்ட பென்மன்–மான்டீத் முறையில், முதலில் உயரத்திலிருந்து காற்றழுத்தத்தைக் கணக்கிட வேண்டும். 293 கழித்தல் 0.0065 பெருக்கல் உயரம் என்பதை 293ஆல் வகுத்து, விடையை 5.26 அடுக்குக்கு உயர்த்தி, 101.3ஆல் பெருக்கினால் கிலோபாஸ்கலில் அழுத்தம் கிடைக்கும். மேட்டுப்பாளையத்துக்கு 97.5, உதகைக்கு 77.8. இதை 0.000665ஆல் பெருக்கினால் வருவது சைக்ரோமெட்ரிக் மாறிலி, அதாவது ஆவியாதல் கணக்கில் காற்றழுத்தத்தின் தாக்கத்தைக் கொண்டுவரும் எண்: கீழே 0.065, மேலே 0.052. எக்செல் தாளில் உயரத்துக்கான கட்டத்தை 0 என்றே விட்டுவிட்டால் இது 0.067 ஆகிவிடும், அப்போது, 15 டிகிரியில், கிடைக்கும் வெயில் ஆற்றலில் ஆவியாதலுக்குச் செல்லும் பங்கு 0.68க்குப் பதில் 0.62 என்று குறைவாக வரும். ஒரே ஒரு கட்டத்தால் வரும் பிழை இது என்பதால், நான் எந்தத் தாளைச் சரிபார்த்தாலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தெளிந்த வானத்தில் தரையை எட்டும் வெயிலின் பங்கு 0.75 கூட்டல் 0.00002 பெருக்கல் உயரம். உதகைக்கு இது கீழே உள்ளதைவிடச் சுமார் 5 சதவீதம் கூடுதல். ஆனால் மஞ்சு இறங்கும் நாட்களில் இந்த ஆதாயம் நிற்காது. ஆகவே சூரிய ஒளி நேரத்தையோ கதிர்வீச்சையோ அளந்த தரவு இல்லாமல் இந்தப் பங்கை அப்படியே போடாதீர்கள். வெப்பநிலையை மட்டும் வைத்துக் கணக்கிடும் ஹார்கிரீவ்ஸ் சூத்திரமும் ஈரமான இடங்களில் மிகையாகவே காட்டும்.

இனி, காலநிலை மாற்றம். ஒரு டிகிரி கூட்டிப் பாருங்கள்: ஆவியாதலுக்குச் செல்வதாக மேலே சொன்ன ஆற்றல் பங்கு மேட்டுப்பாளையத்தில் 1.2 சதவீதமும் உதகையில் 1.8 சதவீதமும் உயர்கிறது. இது சிறிய மாற்றந்தான். பெரிய மாற்றம் காற்றின் ஈரத்தில் ஒளிந்திருக்கிறது. உதகையில் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். காற்றிலுள்ள நீராவி அப்படியே இருக்க, வெப்பம் மட்டும் 15இலிருந்து 16 டிகிரியானால், நீராவிப் பற்றாக்குறை, அதாவது காற்று இன்னும் ஏற்கக்கூடிய நீராவியின் அளவு, 0.34இலிருந்து 0.45 கிலோபாஸ்கலாக, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஒப்பு ஈரப்பதம் மாறாது என்று கொண்டாலோ உயர்வு 7 சதவீதத்தைத் தாண்டாது. ஆகவே எதிர்காலக் கணக்கில் வெப்பநிலையை மட்டும் கூட்டிவிட்டு ஈரப்பதம் பற்றிய அனுமானத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால், அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

கடைசியாக, இந்த முறையில் புல்தரைக்குக் கிடைக்கும் அடிப்படை நீராவிப்போக்கை, ஒவ்வொரு பயிருக்கும் உரிய எண்ணான பயிர்க் கெழுவால் பெருக்குங்கள். நடுப்பருவ உருளைக்கிழங்குக்கு 1.15, கேரட்டுக்கு 1.05. அடிப்படை நீராவிப்போக்கு நாளுக்கு 3 மி.மீ. என்று வந்தால், உருளைக்கிழங்குக்கு 3.45 மி.மீ., சென்ட் ஒன்றுக்கு ஏறத்தாழ 140 லிட்டர். அன்று பெய்த மழையில் மண்ணில் தங்கியதைக் கழித்துவிட்டு, மீதியைப் பாய்ச்சினால் போதும்.