வேலைக்கு எடுக்குமுன் மென்பொருள் டெவலப்பரின் திறமையைக் கோடு (code, அதாவது நிரல்) கொடுத்துப் பார்ப்பது எப்படி?

2020இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் 48 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தன. ஒரே மாதிரிக் கேள்வியைச் சிலர் தனியறையில் பலகையில் போட்டார்கள், சிலர் தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்கப் போட்டார்கள். தேர்வாளர் முன்னால் போட்டவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே போனது. அந்த முறை அளந்தது பதற்றத்தைத்தான். அதனால் வேலையையே சின்னதாக்கிக் கொடுத்துப் பார்ப்போம்.

முதல் படி: உங்கள் குழு அண்மையில் முடித்த டிக்கெட்டுகளை (வேலைக் குறிப்புகளை) புரட்டி, சாதாரணமான ஒன்றை எடுங்கள். முடிந்துபோனதாக இருக்கட்டும். இன்னும் செய்யாத வேலையைக் கொடுத்தால், இலவசமாக வேலை வாங்குகிறார்கள் என்றுதான் வருபவர் நினைப்பார். நினைப்பதில் தப்பும் இல்லை.

இரண்டாவது படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். வெற்று ஃபோல்டரைக் கொடுத்து 'ஒரு ஆப் கட்டுங்கள்' என்று சொல்லாதீர்கள். வேலைக்குச் சேர்ந்ததும் பெரும்பாலும் அடுத்தவர் எழுதிய கோடைத்தான் படிக்கப் போகிறார். ஆகவே சில நூறு வரியில் ஓர் ஆர்டர் செயலியைத் தயார் செய்து, ரெப்போவாக (கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் தொகுப்பாக) கொடுங்கள். அதில் ஒரு பக் (பிழை) இருக்கட்டும்: தள்ளுபடியில் வாங்கிய ஆர்டரை ரத்து செய்தால், கட்டிய தொகைக்குப் பதில் முழு விலையும் திரும்பிப் போகிறது. அப்புறம் ஒரு சிறு வசதியைக் கேளுங்கள்: ஆர்டரில் ஒரு பொருளை மட்டும் ரத்து செய்ய வேண்டும். தள்ளுபடியை எப்படிப் பிரிப்பது என்று மட்டும் சொல்லாமல் விடுங்கள். கேட்கிறாரா, தானே ஒன்றை முடிவுசெய்து ரீட்மீயில் (ரெப்போவின் விளக்கக் கோப்பில்) எழுதுகிறாரா, கண்டுகொள்ளாமல் போகிறாரா என்பது கோடைவிட அதிகம் சொல்லும். ரெப்போ ஒரே கட்டளையில் ஓட வேண்டும், நிறுவுவதிலேயே ஒரு மணி நேரம் போகக் கூடாது.

அனுப்புமுன் உங்கள் சக ஊழியர் ஒருவரைச் செய்யச் சொல்லுங்கள். அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனால், புதியவருக்கு மூன்று மணி நேரமாவது ஆகும். அதற்கு மேல் இழுத்தால் குறையுங்கள், இல்லையென்றால் பணம் கொடுங்கள்.

மூன்றாவது, மதிப்பெண் அட்டவணை. விடைகள் வருமுன்பே எழுதிவிடுங்கள். பக்கின் வேரைப் பிடித்தாரா, அறிகுறியை மட்டும் மூடினாரா? அது திரும்ப வராதபடி டெஸ்ட் (கோடைச் சோதிக்கும் கோடு) எழுதினாரா? கமிட் செய்திகளை (ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும்போது எழுதும் குறிப்புகளை) படித்தால் கதை புரிகிறதா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. இருவர், பெயரை மறைத்து, தனித்தனியாகப் போடட்டும்.

சரி, ஏஐ எழுதிக் கொடுத்தால்? தடை போட்டுப் பயனில்லை, கண்காணிக்க முடியாது. நான்காவது படி அதற்குத்தான். 45 நிமிடம் உட்கார்ந்து, அவர் அனுப்பிய கோடைத் திரையில் திறந்து, 'இந்த வரி ஏன்?' என்று கேளுங்கள். பிறகு தேவையைக் கொஞ்சம் மாற்றி, அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். எழுதியவர் அவரா, புரிந்துகொண்டவராவது அவரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். பழைய ஆய்வுகளை 2022இல் மறுபடி கணக்கிட்டபோது, வேலையில் எப்படிச் செய்வார் என்பதோடு மாதிரி வேலைத் தேர்வுக்கு இருந்த தொடர்பு (1 என்றால் முழுத் தொடர்பு) 0.33, கேள்விகளை வரையறுத்து நடத்தும் நேர்காணலுக்கு 0.42 என்று வந்தது. இரண்டும் வேண்டும்.

வேலைக்கு எடுக்காதவருக்கும் இரண்டு வரி கருத்து அனுப்புங்கள், மூன்று மணி நேரம் கொடுத்திருக்கிறார்.