பேஸ் கிட்டார்: விசிறி ஃப்ரெட்டிலும் டிஸ்டார்ஷன் பெடலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்து தந்தி பேஸ் கிட்டார் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் முதலில் சொல்வார்கள்: தடித்த 'பி' தந்தி தொளதொளவென்று கிடக்கிறது, சுரம் தெளிவாக விழவில்லை. விசிறி ஃப்ரெட் கிட்டாருக்கு, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகள் விசிறி போல விரிந்திருக்கும் கிட்டாருக்கு, மாறிவிடு என்ற அறிவுரை உடனே கிடைக்கும். பிறகு இசைக்குழுவில் சேர்ந்ததும் தன் வாசிப்பே கேட்கவில்லை என்பார்கள். அதற்கு ஒலியைக் கரகரப்பாக்கும் மிதிபெட்டியான டிஸ்டார்ஷன் பெடலைப் பரிந்துரைப்பார்கள். இரண்டும் நல்ல கருவிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு சிக்கலைத் தீர்ப்பதற்காக வந்தது. அந்தச் சிக்கல்தான் தன்னிடம் இருக்கிறதா என்று பார்க்காமலேயே பலர் காசை இறைத்துவிடுகிறார்கள்.

முதலில் விசிறி ஃப்ரெட்டை எடுத்துக்கொள்வோம். சாதாரண பேஸ் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம், அதாவது கழுத்தின் மேல்முனையில் தந்தியைத் தாங்கும் நட்டிலிருந்து உடலில் தாங்கும் பிரிட்ஜ் வரை, 34 அங்குலம். 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸின் அளவு இது. இன்றுவரை அதுவே வழக்கம். நான்கு தந்திகளில் மிகத் தாழ்ந்த 'ஈ' ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்தாவதாகச் சேரும் 'பி'யோ 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. அதே நீளத்தில் அவ்வளவு கீழே போக வேண்டுமானால் தந்தியைத் தடிமனாக்க வேண்டும். தடித்தால் தந்தி விறைத்துக்கொள்ளும், அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்கள் தம் இடத்திலிருந்து கொஞ்சம் விலகும், ஒலி மந்தமாகும். இன்னொரு வழி நீளத்தைக் கூட்டுவது. அதே தந்தியை அதே சுரத்தில் வைத்து நீளத்தை மட்டும் கூட்டினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 34 அங்குலத்தை 35 ஆக்கினால் 6 சதவீதம் கூடும். 37 ஆக்கினால் 18 சதவீதம்.

ஆனால் எல்லாத் தந்திகளையும் 37 அங்குலத்துக்கு இழுத்தால் மேலே இருக்கும் 'ஜி' முறுக்கேறி, வாசிக்கவே எரிச்சலாகிவிடும். ஆகவே 'பி'க்கு ஒரு நீளம், 'ஜி'க்கு ஒரு நீளம் என்று கொடுத்தார்கள். ஃப்ரெட்டுகள் சாய்ந்து விசிறி போல விரிவதற்கு இதுதான் காரணம். யோசனை பழையது, 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆர்ஃபேரியன் என்ற தந்தி வாத்தியத்திலேயே சாய்ந்த ஃப்ரெட்டுகள் உண்டு. நம் காலத்தில் அமெரிக்கரான ரால்ஃப் நோவக் 1989இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பேஸ் உலகில் இதைப் பரவலாக்கியது கனடாவின் சஸ்கட்டூனில் உள்ள டிங்வால் நிறுவனம். அவர்களுடைய ஐந்து தந்தி மாடல்கள் பலவற்றில் 'பி' 37 அங்குலம், 'ஜி' 34 அங்குலம்.

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூடச் செய்யும் பெரிய தவறு, கையில் இருக்கும் கிட்டாரைச் சரிபார்க்காமல் புதிதாக ஒன்றை வாங்குவது. 'பி' தந்தி தொளதொளப்பதற்கு நீளம் மட்டும் காரணமன்று. கடையில் மாட்டிக் கொடுத்த மெல்லிய, பழைய தந்தி காரணமாக இருக்கலாம். 125 அளவு (0.125 அங்குலத் தடிமன்) தந்தியைக் கழற்றிவிட்டு 130 அல்லது 135 போட்டுப் பாருங்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் தந்திக்கு மிக அருகில் உயர்த்தப்பட்டிருந்தால் காந்தம் தந்தியை இழுக்கும், சுரம் நடுங்கும். திருகுகளைத் திருப்பிப் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கினால் தீருகிற வேலை அது. எல்லாவற்றையும்விட முக்கியம் வலது கை. தடித்த தந்தியை ஓங்கி அடித்தால் அடித்த கணத்தில் சுரம் ஏறும், பிறகு இறங்கும், நடுவே ஃப்ரெட்டில் மோதிச் சலசலக்கும். பிரிட்ஜுக்கு நெருக்கமாகக் கையை நகர்த்தி, மெதுவாக வாசித்து, ஒலியளவை ஆம்ப்ளிஃபையரில் கூட்டிக்கொள்ளுங்கள். பாதிப் பேருடைய சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும் என்று துணிந்து சொல்வேன்.

இவையெல்லாம் செய்தும் போதவில்லை, 'பி'யிலும் அதற்குக் கீழேயும் நிறைய வாசிக்கிறேன் என்பவருக்கு விசிறி ஃப்ரெட் உண்மையிலேயே கைகொடுக்கும். அப்போது மறக்கக் கூடாதது தந்தியின் நீளம். 34 அங்குலக் கிட்டாருக்கான சாதாரணத் தந்திகளில் பல, 37 அங்குல 'பி'க்கு எட்டாது. எட்டினாலும் தடித்த பகுதி நட்டைத் தாண்டுவதற்கு முன்பே மெலிந்துவிடலாம். வாங்கும்போதே அந்த நீளத்துக்கான தந்தி எங்கே கிடைக்கும், என்ன விலை என்று விசாரித்துவிடுங்கள். அவசரத்துக்கு உள்ளூர்க் கடையில் கிடைக்காத பொருளை நம்பி மேடையேறுவது வம்பு.

கைக்கு எட்டுமா என்பது அடுத்த கேள்வி. 34 அங்குலத்தில் முதல் ஃப்ரெட்டுக்கும் நான்காம் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி 13 சென்டிமீட்டர். 37 அங்குலத் தந்தியில் அது 14 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஒரு மணி நேரம் வாசித்தால் மணிக்கட்டுக்குத் தெரியும். ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று கிட்டார் ஆசிரியர் சொன்னதை இங்கே பிடிவாதமாகப் பின்பற்றாதீர்கள். டபுள் பேஸ்காரர்கள் காலங்காலமாகத் தாழ்ந்த இடங்களில் ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றை மட்டும் வைத்து வாசிக்கிறார்கள். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணை நிற்கும். அதையே செய்யுங்கள். சாய்வைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கழுத்தின் நடுப்பகுதியில் ஒரு ஃப்ரெட் நேராகவே இருக்கும், அதிலிருந்துதான் இரு புறமும் சாய்வு தொடங்குகிறது.

மறுபக்கத்தில், நீளம் குறைந்த கிட்டார் என்றால் சிறுவர்களுக்கானது என்ற ஏளனமும் வேண்டாம். பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் பேஸ் 30 அங்குலம்தான். இழுவிசை குறைந்தால் ஒலி உருண்டு திரண்டு வரும். அது குறையன்று, வேறொரு சுவை.

எந்தக் கிட்டாராக இருந்தாலும் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற கம்பியில் அவசரம் கூடாது. தந்தி உயரமாக இருக்கிறது என்று அதை முறுக்குகிறார்கள். அது கழுத்தின் வளைவைச் சரிசெய்வதற்கு. உயரத்தைக் குறைக்கப் பிரிட்ஜில் தனித் திருகுகள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் கால் சுற்று போதும், பிறகு சற்றுப் பொறுத்துப் பாருங்கள். சென்னை போன்ற கடலோர ஊரில் ஏசி அறையிலிருந்து திறந்தவெளி மேடைக்குப் போனாலே மரம் கொஞ்சம் அசையும். அதற்கெல்லாம் சாவியை எடுக்க வேண்டாம்.

இனி டிஸ்டார்ஷன். என்னைக் கேட்டால் பேஸ்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் வீட்டு அறையில் தனியாக வாசிக்கும்போது எந்தப் பெடலும் பிரமாதமாகத்தான் ஒலிக்கும். டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்தவுடன் அடிநாதம் காணாமல் போகும்.

காரணம் எளிது. கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸ். பேஸ் அதற்கு ஓர் எட்டுச்சுரம் (ஆக்டேவ்) கீழே தொடங்குகிறது. கிட்டாருக்கென்று செய்த பெடல்கள், ஒலி குழம்பக் கூடாது என்பதற்காகத் தாழ்ந்த அதிர்வுகளை வேண்டுமென்றே அடக்குகின்றன. புகழ்பெற்ற டியூப் ஸ்கிரீமரில் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். பிக் மஃப் என்ற பெடல் அடியை ஓரளவு விட்டுவைத்தாலும் நடு அதிர்வுகளைக் குடைந்துவிடுகிறது. குழுவில் பேஸ் தனித்துக் கேட்பதே அந்த நடுப்பகுதியில்தான். மோட்டர்ஹெட் ராக் குழுவின் லெம்மி தன் ரிக்கன்பேக்கர் பேஸை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் அலற விட்டபோது, அடியையும் உச்சியையும் குறைத்து நடுவை ஏற்றிவைத்திருந்தார். அந்த உறுமலுக்குப் பெடலே தேவைப்படவில்லை.

ஆகவே பேஸுக்கு வாங்கும் பெடலில் முதலில் தேட வேண்டியது, சுத்தமான ஒலியையும் கரகரத்த ஒலியையும் கலக்கும் குமிழ். பாஸ் ஓடிபி-3இல் அது உண்டு. ஹெல்சின்கியின் டார்க்கிளாஸ் தயாரிக்கும் பி3கேயிலும் உண்டு. பேஸ் கலைஞர் பில்லி ஷீஹன் கிட்டாரிலேயே இரண்டு வெளியீடுகள் வைத்து, கழுத்தருகே இருக்கும் பிக்கப்பை அடிநாதத்துக்கும் மற்றதைக் கரகரப்புக்கும் தனித்தனியே அனுப்புகிறார். தத்துவம் ஒன்றுதான்: அடி தெளிவாக நிற்கட்டும், மேலே மட்டும் கரகரக்கட்டும்.

தனிக் கலவைப் பெட்டி வைத்து நாமே இதைச் செய்யும்போது ஒரு பொறி இருக்கிறது. சில பெடல்கள் அலையைத் தலைகீழாகப் புரட்டி வெளியே விடுகின்றன. சுத்தமான ஒலியோடு சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்து, அடிநாதம் மெலிந்துபோகும். குமிழைப் பாதியில் வைத்தவுடன் ஒலி இளைத்தால் பெடலைக் குறை சொல்லாதீர்கள். கலவைப் பெட்டியில் அலையைத் திருப்பும் பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள்.

கரகரப்பின் அளவைக் கூட்டும் கெயின் குமிழைக் கண்டபடி ஏற்றுவதும் தவறு. டிஸ்டார்ஷன் என்பது அலையின் முகட்டை வெட்டுவது. வெட்ட வெட்ட விரலின் அழுத்த வேறுபாடு மறைந்து எல்லாச் சுரமும் ஒரே அளவில் நிற்கும். கொஞ்சமாக வெட்டினாலே புதிய மேற்சுரங்கள் பிறந்துவிடும், அவைதான் நமக்கு வேண்டியவை. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனால் 82, 123 ஹெர்ட்ஸ் என மேலே அடுக்கடுக்காக வரும் மேற்சுரங்களைக் கேட்டவுடன், கேட்காத அடிச்சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. மெல்லிய ஓவர்டிரைவ், அதாவது லேசான கரகரப்பு, போட்ட பேஸ் சின்ன ஸ்பீக்கரிலும் புரிவது அதனால்தான். தாழ்ந்த தந்திகளில் இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசித்தால் மட்டும் கூழாகிவிடும்.

பெடலை அணைத்தும் போட்டும் ஒப்பிடும்போது ஒலியளவு இரண்டிலும் சமமாக இருக்கட்டும். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் நேராக மேடையின் ஒலிக்கலவைக்கு அனுப்பினால், ஸ்பீக்கர் பெட்டி இயல்பாக மழுக்கும் உச்ச அதிர்வுகள் மழுங்காமல் காதைக் கீறும். பெட்டியின் ஒலியைப் போலி செய்யும் வசதியை அங்கே போட்டுக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தில் சுருக்கமாக: பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், அடாப்டர் செருகியின் நடுமுனை எதிர்மின். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வைத்த பழைய ஃபஸ் (கடுமையாகக் கரகரக்கும்) பெடல்களில் பல இதற்கு நேர்மாறு. மற்றவற்றோடு ஒரே அடாப்டரில் கோக்கக் கூடாது. பேட்டரியில் இயங்கும் மின்சுற்று கொண்ட ஆக்டிவ் பேஸில் வயரைச் செருகிவைத்தாலே உள்ளிருக்கும் பேட்டரி ஓடத் தொடங்கிவிடும். வாசித்து முடித்ததும் வயரைக் கிட்டாரிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.