எந்த முத்தையா, எந்தச் சிதம்பரம்? செட்டிநாட்டுப் பெயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் போய் "முத்தையா செட்டியார் வீடு எது?" என்று கேட்டால், "விலாசம் சொல்லுங்க" என்பார்கள். கதவு எண்ணைக் கேட்கவில்லை. பெயருக்கு முன்னால் வரும், முன்னோர் பெயர்களைச் சுருக்கிய எழுத்துகளைக் கேட்கிறார்கள். இந்த ஊர்ப் பிரமுகர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் வெட்டுவது அந்த எழுத்துகளைத்தான். குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிதம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு முன்னாள் நிதியமைச்சரின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது எம்.ஏ. சிதம்பரம், ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன், கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தவர். அந்த முன்னாள் நிதியமைச்சர், கண்டனூர் ப. சிதம்பரத்துக்கு இவர் தாய்மாமன். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கி, 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்தவரோ எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். அதில் வரும் 'சிடி'யைப் பிரித்து இரண்டு பெயராக்கிவிடாதீர்கள். சிதம்பரம் என்ற ஒரே பெயரின் சுருக்கம் அது.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் அதே பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். அண்ணாமலை செட்டியாரின் அப்பாவும் முத்தையா, மகனும் முத்தையா. அந்த மகனின் பிள்ளை எம்.ஏ.எம். ராமசாமியின் விலாசத்தை அப்படியே விரித்தால் முத்தையா, அண்ணாமலை, முத்தையா என்று மூன்று தலைமுறை வந்துவிடும். எழுத்தோடு வருடத்தையும் பார்க்காவிட்டால் அப்பாவின் சாதனை பிள்ளை கணக்கில் ஏறிவிடும்.

இன்னொன்று, 'ரோஜா முத்தையா'வை அச்சுப்பிழை என்று நினைத்து 'ராஜா' ஆக்குவது. ராஜா சர் முத்தையா செட்டியார் 1933-இல் சென்னை மேயர் ஆனவர். ரோஜா முத்தையா, கோட்டையூரில் பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று சேர்த்து வைத்தவர். சென்னையில் உள்ள ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பில் பிறந்ததுதான். (கண்ணதாசனின் இயற்பெயரும் முத்தையா. சிறுகூடல்பட்டிக்காரர்.)

அப்புறம், செட்டியார், செட்டி என்றாலே நகரத்தார், அதாவது செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார் என்று முடிவு கட்டுவது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டி கோவைக்காரர், நகரத்தார் இல்லை. தி.நகருக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராய செட்டி, தெலுங்கு பேசும் தேவாங்கர், நீதிக்கட்சித் தலைவர். மதுரையில் ஆலையும் கல்லூரியும் கண்ட கருமுத்து தியாகராச செட்டியார்தான் நகரத்தார்.