குழு வேலையில் கோட்டை விடும் இடங்கள்

குழு சறுக்கியதும் 'ஒற்றுமை போதவில்லை' என்று முடிவுகட்டி, எல்லாரையும் ஒரு நாள் விளையாட வைத்து அனுப்புவார்கள். இதுதான் முதல் தவறு. நன்றாகப் பழகும் குழுவிலும் வேலை கைமாறும் இடத்தில் சிதறும்.

மார்க்ஸ், மாத்யூ, ஸக்காரோ என்ற ஆய்வாளர்கள் 2001இல் குழுச் செயல்முறைகளை மூன்றாக வகுத்தார்கள்: வேலைக்கு முன்னும் பின்னும் நடக்கும் அலசல், திட்டமிடல்; வேலையின்போது நடக்கும் கண்காணிப்பு, ஒருங்கிணைப்பு, கைகொடுத்தல்; எப்போதும் ஊடே ஓடும் பூசல், ஊக்கம், மனநிலை ஆகியவற்றைக் கையாளுதல். பழுது எந்த வகையில் என்று முதலில் பாருங்கள்.

திட்டமிடலில், தலையாட்டியதைப் புரிந்துகொண்டதாக எடுத்துக்கொள்கிறோம். தொடங்குமுன் ஒவ்வொருவரும் தனியாக மூன்று வரி எழுதட்டும்: நம் இலக்கு என்ன, என் பங்கு என்ன, என் வேலைக்காக யார் காத்திருக்கிறார். தாள்களை அருகருகே வைத்தால் முரண் தெரிந்துவிடும்.

கூடிப் பேசும்போது நேர்வது இன்னும் நுட்பமானது. எல்லாருக்கும் தெரிந்ததே திரும்பத் திரும்பப் பேசப்படும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தது அவரோடு நின்றுவிடும். ஸ்டாசர், டைட்டஸ் இருவரும் 1985இல் வெளியிட்ட சோதனையில், வேட்பாளர்களைப் பற்றிய தகவல்களை உறுப்பினர்களிடையே பிரித்துக் கொடுத்தார்கள். எல்லாருடையதையும் சேர்த்தால் மொத்தத் தகவலும் கையில் இருந்தும் பெரும்பாலான குழுக்கள் சிறந்தவரைத் தவறவிட்டன. ஆகவே முதல் சுற்றில் 'உங்கள் முடிவு என்ன?' என்று கேட்கவே வேண்டாம். 'உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன?' என்று கேளுங்கள். தலைவர் கடைசியில் பேசட்டும். அவர் முந்தினால் மற்றவர்கள் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

'அனுப்பிவிட்டேன்' என்பதோடு கைமாற்றம் முடிவதில்லை. கட்டுப்பாட்டு அறை சொல்வதை விமானி திருப்பிச் சொல்வதைப் போல, பெறுபவர் மூன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும்: என்ன வேலை, எப்போதுக்குள், எது இன்னும் மிச்சம். மிச்சத்தைச் சொல்லாமல் விட்டால் சிக்கல் வரும்.

தாமதமானால் ஆள் சேர்ப்பதும் தவறு. 5 பேருக்கிடையே 10 தொடர்புகள். 10 பேரானால் 45. உப்புக்குச் சப்பாணியாகச் சிலர் ஒதுங்கவும் இடம் கிடைக்கும்.

வேலை பற்றிய கருத்து வேறுபாட்டை அடக்காதீர்கள். அது ஆளைத் தொடும்போது மட்டும் உடனே நிறுத்துங்கள்.

முடிந்தபின் நடக்கும் அலசல் தோல்விக்கு மட்டும் என்ற வழக்கம் அதைக் குற்ற விசாரணையாக்கிவிடுகிறது. வென்றாலும் தோற்றாலும் 20 நிமிடம் ஒதுக்கி, எதை நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்து எதை மாற்றுவோம் என்று கேளுங்கள். மாற்றம் ஒன்றே போதும். அதற்கு ஒருவர் பொறுப்பு. அடுத்த வேலையின் முதல் கூட்டம் அதைப் படித்துவிட்டே தொடங்கட்டும்.